லைனில நில்லுங்கோ

பாரிசிலிருந்து இரண்டரை மணி நேரம்.
பள்ளத்தாக்கின் மேல் ரயில் மெதுவானபோது
ஷோமோன் வந்துவிட்டது என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.
ஐம்பது வளைவுகள். கீழே யாரோ காயப்போட்ட துணி.

நீதிமன்றத்தில் இருபது நிமிட வேலை.
ஒரு திருட்டு சைக்கிள், ஒரு பருத்தித்துறைப் பொடியன்.
"எனக்குத் தெரியாது மேடம்" என்பதை
மூன்று முறை பிரெஞ்சில் சொன்னேன்.
மூன்று முறையும்
எனக்கே தெரியாததுபோல் இருந்தது.

அடுத்த ரயில் ஐந்தரைக்கு. மழை வேறு.
ஒதுங்கிய இடம் நூலகம்.
வாசலருகே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புகைப்படம்:
சுவர் நிறையத் துளைகள், துளைகளில் கயிறுகள்,
முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஏழு பெண்கள்.
ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்க்கிறாள்,
பாதி வாக்கியத்தில் கூப்பிட்டுவிட்டோம் போல.
ஒதீல் பெல்ரோஸ், வயது இருபத்துமூன்று,
மேய்ன் மாநிலம், அமெரிக்கா.

அப்பா பருத்தி ஆலையில்.
வீட்டில் பிரெஞ்சு, தெருவில் ஆங்கிலம்.
எந்த மொழிக்காகப் பள்ளியில் கேலி செய்தார்களோ
அந்த மொழிக்காகவே கப்பலேற்றினார்கள்.
சீருடைக்குத் துணி, தையல்கூலி, தொப்பி
எல்லாம் அவள் செலவு.
கை உயர்த்திச் சத்தியம் செய்ததற்கு மட்டும்
காசு கேட்கவில்லை.

1918. இந்த ஊர்ப் பாசறையில் அவர்களின் தலைமையகம்.
ஒரு இணைப்புக்கு ஆண்களுக்கு ஒரு நிமிடம் பிடித்தது,
இந்தப் பெண்களுக்குப் பத்து நொடி.
இந்தக் காதில் பிரெஞ்சுத் தளபதி,
அந்தக் காதில் அமெரிக்கத் தளபதி,
நடுவே ஒரு தொண்டை.
ஊர்களுக்கு மாற்றுப்பெயர், படைகளுக்கு மாற்றுப்பெயர்,
பழகுவதற்குள் அவையும் மாறும்.
ஒரு சொல் பிசகினால்
எங்கோ ஒரு மேட்டில்
தவறான பக்கம் குண்டு விழும்.

எனக்குத் தெரியும் அந்த ஒரு சொல்.
அகதி விண்ணப்ப அலுவலகத்திலிருந்து ஒரு நாள் போன்.
மறுமுனையில் அம்மா ஒருத்தி,
"பிடிச்சுக்கொண்டு போயிட்டினம்" என்றார்.
யார் என்று சொல்லாமலே தமிழில் சொல்லிவிடலாம்,
அந்த '-இனம்' போதும், ஊருக்கே விளங்கும்.
பிரெஞ்சு விடாது. யார், யார் என்று நிற்கும்.
நான் கேட்டேன்: "ஆர் அம்மா?"
லைனில் ஒரு மின்விசிறிச் சத்தம்.
நிமிடத்துக்கு இவ்வளவு என்று
அந்த மௌனத்துக்கும் எனக்குச் சம்பளம் வந்தது.

போர் முடிந்து ஒதீல் ஊர் திரும்பினாள்.
நீ படைவீரர் இல்லை, என்றது ராணுவம்.
பதக்கம் இல்லை, ஓய்வூதியம் இல்லை,
செத்தால் பெட்டிமேல் போர்த்தக் கொடி இல்லை.
அவள் கடிதம் எழுதினாள். பதில் வந்தது.
மறுபடி எழுதினாள். அதே பதில், வேறு கையெழுத்து.
ஏறக்குறைய அறுபது வருடம் கழித்துச் சட்டம் வந்தது,
நீங்களும் படையினரே என்று.
ஒதீல் செத்து அப்போது ஆறு வருடம்.
சான்றிதழை வாங்கியது தங்கை மகள்,
வேலைக்கு நடுவே, ஏப்ரனோடு.

ஒப்பிடவில்லை.
என் தலைமேல் யாரும் குண்டு போடவில்லை.
அமைச்சகத்திடம் எட்டு மாத பில் பாக்கி, அவ்வளவுதான்.
அவர்களின் படிவத்தில் என் பெயர்
'அவ்வப்போது ஒத்துழைப்பவர்'.

பாசறை வாசல்வரை நடந்தேன்.
இப்போது ஜாந்தார்ம்களின் பயிற்சிப் பள்ளி.
காவலுக்கு நின்ற பெண்
என் குடையைப் பார்த்தாள், அடையாள அட்டையைக் கேட்டாள்,
இல்லை மேடம், பார்வையாளர் நேரம் இல்லை, என்றாள்.
அவள் சீருடை யார் காசு என்று
கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ரயிலேறிய உடனேயே போன் அடித்தது.
முல்ஹவுஸ் மருத்துவமனை, பிரசவ அறை, அவசரம்.
டாக்டர் பேசப் பேச
வயிற்றுக்குள் பிள்ளை புரண்டிருப்பதைத்
தமிழாக்கிக்கொண்டிருந்தேன்.
"பயப்படாதேங்கோ தங்கச்சி, லைனில நில்லுங்கோ" என்றதும்
பாலம் வந்தது,
சிக்னல் போய்ப் போய் வந்தது.
அலோ? என்றது ஒரு பக்கம்.
ஹலோ? என்றது மறுபக்கம்.
பிறகு, முறைப்படி,
உங்கள் எண் என்ன மேடம்?

நான்கு நான்கு ஒன்று ஏழு.
இருக்கிறேன். சொல்லுங்கோ.